பதினோரு வருடத் தரிசு: ஆட்டை விடுவதா, வேலி அடைப்பதா?

சிக்கல்காரன் | ஜூன் 14, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

சிக்கலிலிருந்து வாலிநோக்கம் போகும் வழியில் எங்களுக்கு நாலேகால் ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா இருந்தவரை புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல், ஒரு ஓரத்தில் முண்டு மிளகாய். அப்பா படுத்த வருடம் விதைக்கவில்லை. அடுத்த வருடம் மழை இல்லை. அதற்கடுத்த வருடம் ஆள் இல்லை. இப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. நான் திருப்பூரில் இருக்கிறேன். 2023-ல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏன் சும்மா போட்டிருக்கிறாய்" என்று கேட்டுக் கொல்கிறார்கள்.

போன வாரம் ஊருக்குப் போய் நிலத்தைச் சுற்றி நடந்தேன். முழுக்கச் சீமைக்கருவை மூடியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அப்படி இல்லை. ஒரே நிலம், ஒரே வருடம் விட்டது, ஆனால் நாலு நிலம் மாதிரி நிற்கிறது. வடக்கே கண்மாய்ப் பக்கம் கருவை காடாகிவிட்டது, கை நுழையவில்லை. அதற்குள் குனிந்து பார்த்தால் தரையில் ஒரு புல் கிடையாது. வண்டிப்பாதை ஓரம் அதற்கு நேர்மாறாக அறுகு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, நடுநடுவே நெருஞ்சி. நடு நிலத்தில் ஆவாரையும் எருக்கும் கொழுஞ்சியும் திட்டுத்திட்டாக நிற்கின்றன. கருவையும் உண்டு, ஆனால் விலகி விலகி. தெற்கே கடல் பக்கம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது, உப்புத் தரையில் வரும் உமரிச் செடி மட்டும் கொஞ்சம். அப்புறம் வரப்பில் நிற்கும் பனைகளுக்கு அடியில் உடை மரமும் இசங்கம்புதரும். அதற்குள் ஏதோ வேப்பங்கன்று கூடத் தெரிந்தது.

சித்தப்பா சொல்கிறார்: "ஆடு மேயப்போய்த்தான் இந்த அளவுக்காவது தரை தெரியுது." பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார்: "ஆடுதான் கருவையைக் கொண்டுவந்து விதைச்சது, முதல்ல வேலியைப் போடு." இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

கரிமூட்டம் | ஜூன் 14, இரவு 10:02

தம்பி, வடக்குப் பக்கக் கருவை எத்தனை வருடத்து மரம்? தொடைக் கனம் இருந்தால் ஒரு தடவை வெட்டிக் கரி மூட்டம் போடலாம். வேலிச் செலவு அதில் வந்துவிடும். எந்த ஊர் ஆள் வைத்து வெட்டினாலும் தூரோடு எடுக்கச் சொல்லுங்கள். மேலே மட்டும் வெட்டினால் ஒரு மரம் ஏழு கிளையாகத் துளிர்த்து வரும். எங்களுக்கு அது நல்லதுதான், மூணு நாலு வருடத்தில் மறுபடி வெட்டலாம். உங்களுக்கு நல்லதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைவீட்டுப்பிள்ளை | ஜூன் 14, இரவு 11:37

அண்ணே, முதலில் ஒன்று. 'ஆடு' என்று பொதுவாக எழுதினால் இதில் ஒரு முடிவும் கிடைக்காது. செம்மறி, வெள்ளாடு, மாடு மூன்றும் மூன்று விதம். செம்மறி தலையைக் குனிந்து மேயும், தரையோடு ஒட்டக் கடிக்கும். வெள்ளாடு தலையைத் தூக்கி மேயும், முன்னங்காலைக் கிளையில் போட்டு நிற்கும். மாடு நாக்கால் சுழற்றி இழுப்பதால் அடிவரை போகாது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து செம்மறிக் கிடை, அதாவது ராத்திரி வயலில் அடைத்து எருவுக்கு விடும் மந்தை. அப்பா கீதாரி, கிடைக்குத் தலைவர். அதனால் கொஞ்சம் தெரிந்து சொல்கிறேன், கொஞ்சம் கோபத்திலும் சொல்கிறேன்.

எங்கள் கிடை தை, மாசியில் அறுப்பு முடியும்போது தஞ்சாவூர்ப் பக்கம் வலசை போய்விடும். அங்கே வயலில் கிடை போட்டு, மறு நடவு நெருங்கும்போது திரும்பும். அப்படியானால் உங்கள் தரிசில் செம்மறி இருப்பது எப்போது? ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முளைத்து வருகிற காலம். கருவைக்காய் பழுத்து விழுவது எப்போது? கோடையில். அப்போது எங்கள் ஆடு திருவாரூரில் நிற்கும். கோடையில் உங்கள் நிலத்தில் காய் பொறுக்கித் தின்பது ஊரிலேயே கிடக்கிற வெள்ளாடும் மாடும். கருவையை விதைத்தது கிடைக்காரன் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னால் அவர் வீட்டு மாட்டை அவிழ்த்து விடுவது யார் என்று கேளுங்கள்.

எங்கள் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புல் பூக்கும் முன்னாலேயே செம்மறி கடித்துவிடும். அதனால் நல்ல புல் விதை போடாது. எங்கள் அப்பாவே சொல்வார், அவர் சின்ன வயதில் பார்த்த கொழுக்கட்டைப் புல் இப்போது வரப்பு முள்ளுக்குள்தான் இருக்கிறது என்று.

களைக்குறிப்பு | ஜூன் 15, காலை 6:20

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். சிக்கல்காரன் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன், ஏனென்றால் அவர் கேள்விக்கான பதில் பாதி அவருடைய வர்ணனையிலேயே இருக்கிறது.

உழவு நின்ற நிலத்தில் முதல் மழைக்கு முளைப்பது உழவுக்குப் பழகிய களைகள்: சாரணை, கோரை, குப்பைமேனி, நாயுருவி. மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கும் விதை அவைதான். பல வருடம் நிலைக்கும் புல்லின் விதை பெரும்பாலும் இருக்காது, தலைமுறை தலைமுறையாக உழுது அதைத் துடைத்துவிட்டோம். அது பக்கத்து வரப்பிலிருந்து, கண்மாய்க் கரையிலிருந்து மெதுவாக நடந்து வர வேண்டும். மழை ஆண்டுக்குச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் மாவட்டத்தில் அந்த நடை இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். இந்த இடைவெளியில்தான் கால்நடை வருகிறது. எது வளர வேண்டும் என்று அது முடிவு செய்வதில்லை. எதைத் தின்னக்கூடாது என்று மட்டும் முடிவு செய்கிறது. மிஞ்சியது வளர்கிறது.

நடு நிலத்தைப் பாருங்கள். ஆவாரை, எருக்கு, கொழுஞ்சி. மூன்றும் ஆடு விரும்பாதவை. கொழுஞ்சியைப் பசியில் கடிக்கும், அவ்வளவுதான். கரிசல் தரையில் குனிந்து தேடினால் ஆடுதின்னாப்பாளையும் இருக்கும். நம் ஆட்கள் அந்தச் செடிக்குப் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள்: பூவையோ இலையையோ வைத்துப் பெயரிடவில்லை, ஆடு என்ன செய்தது என்பதை வைத்துப் பெயரிட்டார்கள். மேய்ச்சல் அழுத்தத்தை அளக்க எனக்கு இதைவிட நல்ல குறியீடு தெரியாது. ஒரு தரிசில் ஆடுதின்னாப்பாளை நிறைய இருந்தால் ஆடு தின்கிற எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பாதை ஓரம் அறுகு பாயாகக் கிடப்பதும் மேய்ச்சலால்தான். தினமும் கடிபடும் இடத்தில் நிமிர்ந்து வளரும் புல் தோற்கும், படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுவது ஜெயிக்கும். அறுகின் வளரும் நுனி தரையோடு இருக்கிறது, செம்மறியின் பல்லுக்குத் தப்பும். அங்கே மேய்ச்சலை நிறுத்திப் பாருங்கள், இரண்டு மழையில் மயில்கொண்டைப்புல்லும் துடைப்பப்புல்லும் மேலே எழும்பி அறுகு பின்வாங்கும்.

வடக்குப் பக்கம்தான் எனக்குப் புதிர். அங்கே மட்டும் ஏன் காடு? சிக்கல்காரன், அந்த இடத்தில் முன்பு பெரிய மரம் ஏதாவது நின்றதா?

கீழக்கரைவாசி | ஜூன் 15, காலை 8:45

எங்கள் குடும்ப நிலமும் இதே கதைதான், நாங்கள் எல்லோரும் துபாயில். எங்கள் காக்கா (அண்ணன்) ஒருத்தர்தான் ஊரில். வேலிக்கு என்று வைத்த கருவை நிலத்தையே சாப்பிட்டுவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்பது இதுதான் போல.

காமராஜர் காலத்தில் ஹெலிகாப்டரில் விதை தூவியதால் வந்தது என்கிறார்களே, உண்மையா?

களைக்குறிப்பு | ஜூன் 15, காலை 9:30

அந்தப் பழமொழி இல்லாமல் கருவை பற்றிய எந்த உரையாடலும் முடிவதில்லை. சரி, பரவாயில்லை.

சீமைக்கருவேல், அதாவது புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதிப் பக்கத்து மரம். இந்தியாவுக்குள் 1870-களிலேயே வந்துவிட்டது. காமராஜர் முதலமைச்சரானது 1954-ல். அவர் பெயரில் எத்தனையோ நல்ல காரியம் இருக்கிறது, இதை அவர் கணக்கில் எழுத வேண்டாம். விறகுக்கும் வேலிக்கும் என்று பல காலம் பலர் நட்டார்கள், பரப்பினார்கள். குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்பு ஏறுவதைத் தடுக்க 1961-ல் வனத்துறையே நட்டது. இன்று அங்கே மாடு வளர்ப்பவர்கள் புல் இல்லாமல் தவிக்கிறார்கள். நட்டது அரசு, பரப்பியது அங்கேயும் கால்நடைதான்.

சிக்கல்காரன் | ஜூன் 15, பகல் 1:15

சார், நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. வடக்கு மூலையில் ஒரு பெரிய நாட்டுக்கருவேலம் நின்றது. அப்பா மதியம் கஞ்சி குடிப்பது அதன் அடியில்தான். நிலத்தை விட்ட பிறகு ஊர் மாடெல்லாம் அந்த நிழலில் படுக்குமாம், கண்மாயில் தண்ணீர் குடித்துவிட்டு. இப்போது அந்த மரம் இல்லை. வெட்டினார்களா பட்டுப்போனதா தெரியவில்லை. அது நின்ற இடம்தான் இப்போது காட்டின் நடு.

கால்நடை_ஓய்வு | ஜூன் 15, மாலை 5:50

அப்படியானால் புதிர் விடுபட்டது. நான் முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவன், சாணியைக் கிளறிப் பார்ப்பது தொழில்.

கருவைக்காயின் சதை இனிப்பு. மாடு விரும்பித் தின்னும். உள்ளே விதையைச் சுற்றி ஒரு கெட்டியான ஓடு இருக்கிறது. மாடு காயை அதிகம் மெல்லாமல் விழுங்கும், அசை போடும்போதும் நிறைய விதை தப்பிவிடும். வயிற்றுக்குள் போய் வரும் நாட்களில் அந்த ஓடு இளகும். ஈரமான சாணத்தோடு வெளியே விழும்போது விதைக்கு எருவும் ஆச்சு, ஈரமும் ஆச்சு. வெள்ளாடும் செம்மறியும் நன்றாக மெல்லும் ஜாதி, பெரும்பகுதி விதை பல்லில் நொறுங்கிவிடும். தப்புவது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சமும் புழுக்கைப் புழுக்கையாக நிலம் முழுக்கச் சிதறும். மாட்டுச் சாணத்தில் வருவது குவியலாக, மாடு படுத்த இடத்தில். இப்போது சிக்கல்காரர் நிலத்தை மறுபடி பாருங்கள்: மாடு படுத்த வடக்கு மூலையில் அடர்ந்த காடு, ஆடு திரிந்த நடு நிலத்தில் விலகி விலகி மரம். நிலத்தில் மாட்டின் கையெழுத்தும் ஆட்டின் கையெழுத்தும் தனித்தனியாகத் தெரிகிறது.

ஒரு வேண்டுகோள். காய் கிடைக்கிறதே என்று வேறு தீவனம் இல்லாமல் அதையே கட்டாதீர்கள். வயிறு கெட்டித்து அடைத்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் அதிகமாகத் தின்றால் தாடை நரம்பு கெடும், மெல்ல முடியாமல் முகம் ஒரு பக்கம் கோணும். பிரேசிலில் அந்த நோய்க்கு 'கோணல் முகம்' என்று பொருள்படும் பெயரே உண்டு. காயைக் காயவைத்து அரைத்து மற்ற தீவனத்தோடு கலந்து கொடுத்தால் விதையும் சாகும், தீவனச் செலவும் குறையும்.

பனைமட்டை | ஜூன் 15, இரவு 8:05

சாயல்குடியிலிருந்து. நீங்கள் எல்லோரும் கருவையையே பேசுகிறீர்கள். அந்தப் பனை வரிசையை யாரும் பார்க்கவில்லையே!

இசங்கம்புதருக்குள் வேப்பங்கன்று இருப்பது தற்செயல் இல்லை. காக்காயும் மைனாவும் வேப்பம்பழம் தின்று பனை மட்டையில் உட்காரும், கீழே எச்சம் போடும். வெட்டவெளியில் முளைக்கும் வேப்பங்கன்றை வெள்ளாடு ஒரே வாயில் முடித்துவிடும், வேப்பங்குழை அதற்குப் பலகாரம். இசங்குக்கு நாலு பக்கமும் முள். ஆடு மூக்கை நுழைக்காது. முள்ளுக்குள் முளைத்தது மட்டும் பிழைக்கிறது. எங்கள் தோட்டத்தில் இலந்தைப் புதருக்குள் இப்படி வந்த வேம்பு இப்போது ஆள் உயரம். தலை ஆட்டுக்கு எட்டாத உயரம் போன பிறகு அதற்குக் கவலை இல்லை.

அதனால் தம்பி, ஜேசிபி கூப்பிடும்போது 'முள்ளையெல்லாம் வாரிப் போடு' என்று சொல்லிவிடாதீர்கள். உடையையும் இசங்கையும் விட்டு வையுங்கள். உடை நம் ஊர் மரம். குடை மாதிரி நிற்கிறதே, அந்த நிழலில் புல் வரும். கருவை நிழலில் வராது.

கரிமூட்டம் | ஜூன் 15, இரவு 9:20

அக்கா சொல்வது சரி, ஆனால் ஜேசிபிக்காரனுக்கு முள் என்றால் எல்லாம் முள்தான். பக்கத்தில் நின்று காட்டினால் உண்டு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக இயந்திரம் வந்ததே, அப்போது எங்கள் பக்கம் உடையும் சேர்ந்து போனது. கருவை திரும்பி வந்துவிட்டது. உடை வரவில்லை.

கருவையைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளைச்சல் போன வருடங்களில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் அடுப்பு எரிந்தது மூட்டத்தால்தான். மரத்தை அடுக்கி, சருகு போட்டு, மண் மூடி, ராத்திரி பகலாகப் புகையைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் எல்லாம் சாம்பல். அந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும் கருவை வேண்டாம் என்று.

கீழக்கரைவாசி | ஜூன் 16, காலை 7:10

எளிமையாக ஒன்று கேட்கிறேன். சுற்றிலும் கம்பி வேலி போட்டு ஒரு கால்நடையும் உள்ளே வராமல் அடைத்துவிட்டால் பழைய புல், பழைய மரம் தானாக வந்துவிடாதா? இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே.

களைக்குறிப்பு | ஜூன் 16, காலை 10:40

எங்கே, எதற்குப் பிறகு அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1882-ல் ஒரு கோதுமை வயலின் மூலையை அறுக்காமல் விட்டு வேலி அடைத்தார்கள். உழவில்லை, மேய்ச்சலில்லை. இன்று அதில் ஒரு பகுதி மரக்காடு. இன்னொரு பகுதியில் மரக்கன்றுகளை மட்டும் வருடா வருடம் பிடுங்கினார்கள், அங்கே உயரமான செடிகொடிகள். அந்தப் பகுதியிலும் ஒரு துண்டை 1957-ல் பிரித்து, சில வருடம் வெட்டிவிட்டு, அப்புறம் செம்மறி மேயவிட்டார்கள். அது குட்டைப் புல்தரையாக மாறியது. ஒரே வயல், மூன்று முகம். ஆனால் அங்கே சுற்றிலும் அந்த ஊர் மரங்களின் விதை இருந்தது, மழை வருடம் முழுக்க இருந்தது. உங்கள் நிலத்தைச் சுற்றி என்ன விதை இருக்கிறது? கருவை. இன்று வேலி அடைத்தால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் கருவைதான் முதலில் கூரை கட்டும்.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தைத் தேசியப் பூங்கா ஆக்கியதும் 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தார்மேல் துப்பாக்கிச் சூடு வரை போனது. கடைசியில் நடந்தது என்ன? எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் பெருகித் தண்ணீரையே மூடியது. எந்தப் பறவைக்காகத் தடுத்தார்களோ அவற்றுக்கே இடம் சுருங்கியது. மேய்ச்சல் வேண்டாம் என்று சொன்ன அறிஞர்களின் அமைப்பே பத்தாண்டு ஆய்வுக்குப் பிறகு மேய்ச்சல் தேவை என்று எழுத வேண்டியதாயிற்று.

அதற்காக ஆட்டை அப்படியே விடுங்கள் என்றும் சொல்லவில்லை. கருவையைத் தூரோடு எடுத்த முதல் மழையில் மண்ணில் கிடந்த விதையெல்லாம் ஒரே நேரத்தில் முளைக்கும். அப்போது செம்மறியை விட்டால் அது புல்லைத் தின்னும், கருவைக் கன்றின் இலையைத் தொடாது. நீங்களே ஆளை வைத்துக் கருவைக்குக் களை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த முதல் இரண்டு மழைக்காலம் மட்டும் புல்லை வளரவிட்டு, கருவைக் கன்றைக் கையால் பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் கன்று வேரோடு வரும். தையில் மண் இறுகிய பிறகு கடப்பாரை கேட்கும்.

கிடைவீட்டுப்பிள்ளை | ஜூன் 16, பகல் 12:25

சார் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேய்ச்சல்காரனுக்கு ஒரு வருடம் 'வராதே' என்றால் அவன் எங்கே போவான் என்பதையும் யோசியுங்கள். மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் வீடாகிவிட்டது, பாதி கண்மாய்க்குள் நுழைய முடியாது. மிச்சம் இருப்பது உங்களைப் போல ஊரை விட்டுப் போனவர்களின் தரிசுதான். நீங்கள் அதைத் தரிசு என்கிறீர்கள், நாங்கள் மேய்ச்சல் என்கிறோம்.

புல் விதை உதிர்ந்த பிறகு வரச் சொல்லுங்கள், வருகிறோம். மார்கழிக் கடைசியில் வந்தால் காய்ந்த புல்லை மேய்ந்து, விதையைக் குளம்பால் மிதித்து மண்ணுக்குள் அழுத்திவிட்டுத்தான் போகும். அப்படியே பத்து ராத்திரி கிடை போடுகிறோம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். மிளகாய் போடப் போகிற துண்டில் போட்டால் உங்களுக்கே தெரியும்.

ஒன்று கவனம். கிடை போட்ட இடத்தில் அடுத்த மழைக்குச் சாரணையும் ஊமத்தையும் முட்டிக்கொண்டு வரும். அது உரத்தின் கொழுப்பு. உழப் போகிற இடத்தில்தான் கிடை, புல் வளர்க்கப் போகிற இடத்தில் வேண்டாம்.

பனைமட்டை | ஜூன் 16, பகல் 2:50

தெற்கு உப்புத் துண்டையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஆட்டையும் விடக்கூடாது, ஜேசிபியையும் விடக்கூடாது. தரை மொட்டையாக இருந்தால் வெயில் கீழே இருக்கிற உப்புத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும், வருடா வருடம் வெள்ளை கூடும். உமரி இருந்தால் இருக்கட்டும். மழை நேரத்தில் வரப்பை உயர்த்தி நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்தால் உப்பு கொஞ்சம் கீழே இறங்கும். எங்கள் ஐயா அப்படித்தான் செய்தார். ஒரு தலைமுறை வேலை.

வேலிக்குக் கம்பி வாங்காதீர்கள். பனை வைத்துக்கொண்டு யாராவது கம்பி வாங்குவார்களா? கருக்கு மட்டையை நெருக்கி நட்டு நார் கொடுத்துக் கட்டினால் ரெண்டு வருடம் தாங்கும். உங்களுக்குத் தேவையும் ரெண்டு வருடம்தானே.

சிக்கல்காரன் | ஜூன் 17, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் இரண்டு பேருமே சரி என்று ஆகிவிட்டது, இதை எப்படி அவர்களிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

என் திட்டம்: ஆவணிக்குள் வடக்குக் காட்டைத் தூரோடு எடுப்பது, கரிமூட்டம் அண்ணனிடம் தனியாகப் பேசுகிறேன். உடை, இசங்கு, பனை வரிசையைத் தொடுவதில்லை. நடு நிலத்தில் ஐம்பது செண்டு மட்டும் கருக்கு மட்டை வேலி. மிச்சம் திறந்தே இருக்கும். உள்ளேயும் வெளியேயும் என்ன வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

சிக்கல்காரன் | டிசம்பர் 29, இரவு 8:40

ஆறு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மழை பரவாயில்லை, கார்த்திகையில் இரண்டு நல்ல மழை. லீவு போட்டு வந்து நாலு நாள் இருந்தேன்.

வெட்டிய வடக்குப் பக்கம் களைக்குறிப்பு சார் சொன்னது அப்படியே நடந்தது. கருவைக் கன்று நாற்றங்கால் மாதிரி முளைத்தது. நானும் சித்தப்பாவும் இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்து இரண்டரை நாள் பிடுங்கினோம். முடிந்தபாடில்லை, பொங்கலுக்கு இன்னொரு சுற்று.

வேலிக்கு உள்ளே மயில்கொண்டைப்புல் இடுப்பளவு. வரப்பை ஒட்டி நாலைந்து தூர் கொழுக்கட்டைப் புல்லும் வந்திருக்கிறது, வேலிக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. ஆவாரை அப்படியே இருக்கிறது, அதற்கு எதுவும் பொருட்டில்லை போல. வெளியே பழையபடி மொட்டைத் தரை, கொழுஞ்சி, நெருஞ்சி. ஆடுதின்னாப்பாளையும் பார்த்தேன் சார், நாலு இடத்தில்.

ஒரே ஒரு குழப்பம். ஒரு ஆடு மாடு நுழையாத வேலிக்குள்ளே பன்னிரண்டு இடத்தில் கருவைக் கன்று கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது. வேறெங்கும் இல்லை, அந்தப் பன்னிரண்டு இடத்தில் மட்டும். மண்ணில் பழைய விதை என்றால் நிலம் முழுக்க வந்திருக்க வேண்டாமா?

கால்நடை_ஓய்வு | டிசம்பர் 29, இரவு 9:05

அந்தப் பன்னிரண்டு இடத்தில் ஏதாவது நட்டீர்களா?

சிக்கல்காரன் | டிசம்பர் 29, இரவு 9:12

ஆமாம் சார். வேம்பும் நாவலும் பன்னிரண்டு கன்று நட்டேன். குழிக்கு ரெண்டு கூடை எங்கள் வீட்டு மாட்டுக் குப்பை போட்டு.

ஓ.

கால்நடை_ஓய்வு | டிசம்பர் 29, இரவு 9:20

வேலியைத் தாண்டி மாட்டை நீங்களே கூடையில் சுமந்து கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், எல்லோரும் செய்வதுதான். கோடையில் மாடு காய் தின்னும் மாதங்களில் விழுகிற சாணத்தைக் குப்பைக்குழியில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். பழையபடி வரட்டி தட்டி அடுப்பில் எரித்தால் விதையும் அதோடு போகும்.

கிடைவீட்டுப்பிள்ளை | டிசம்பர் 29, இரவு 10:01

அண்ணே, பக்கத்து நிலத்துக்காரரிடம் இந்தக் குப்பை விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா? புல் விதை உதிர்ந்திருந்தால் சொல்லுங்கள், கிடை இப்போது ஏர்வாடிப் பக்கம்தான் நிற்கிறது. வலசை கிளம்புவதற்கு முன்னால் மிளகாய்த் துண்டில் ஒரு வாரம் போடலாம்.

சிக்கல்காரன் | டிசம்பர் 30, காலை 6:55

பாதி உதிர்ந்திருக்கிறது, பொங்கல் கழித்து வாங்க. வேலிக்குள் அன்றைக்கு மட்டும், பகலில், செம்மறி மட்டும்.

வரட்டி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கேஸ் வந்து எத்தனை வருஷமாச்சு, இனிமேல் யார் வீட்டுச் சுவரில் தட்டுவது, புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறது என்கிறார். மாட்டுத்தொழுவச் சுவர் ஒன்று பெயின்ட் அடிக்காமல் இருக்கிறது, பேசிப் பார்க்கிறேன்.